பளையும் லினக்ஸும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை அவற்றை ஆக்கியோரின் வரலாறாக மட்டும் எழுதும் வழக்கம் எம்மிடையே உண்டு. ஒரு கருவி எவ்வூரை எப்பொழுது, எம்மொழியில் அடைந்தது என்பதும் வரலாற்று மாணவரின் வினாவே. அன்றாட மேசைக் கணினியில் லினக்ஸ் பணிசெயல் முறைமைக்கு மாறுதல் என்னும் பொருளை, கிளிநொச்சி மாவட்டத்துப் பளையில் நின்று ஈண்டு நோக்குகின்றோம்.

1983 இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் கூடிய மென்பொருளை ஆக்குதல் அதன் நோக்கமாகும். 1991 ஓகஸ்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த கருநிரலை அறிவித்தார். இவை இணைந்தே லினக்ஸ் என வழங்கும் முறைமை உருவாயிற்று. 1996 இல் கேடிஈ, 1997 இல் க்னோம் ஆகிய திட்டங்கள் தொடங்கியபின், வல்லுநரின் கட்டளைத் திரையிலிருந்து அது பொதுமக்களின் மேசையை நோக்கி நகர்ந்தது.

இதே ஆண்டுகளிற் பளையின் நிலை யாது? 1990 இல் வடக்குக்கான யாழ்தேவி நின்றது. தேசிய மின்வழங்கல் அற்றது. மின்கலம் முதலான பொருள்களுக்குத் தடை வந்தது. ஆனையிறவை அண்டிய இவ்வூர் 2000 இலும் 2009 இலும் போர்க்களமாயிற்று. மேசைக் கணினி உலகெங்கும் பரவிய அவ்விருபதாண்டுகள், பளை மக்களுக்கு இடப்பெயர்வின் ஆண்டுகளாயின.

2014 மார்ச் 4 ஆம் நாள் பளைவரை புகையிரதம் மீண்டும் ஓடியது. ஐந்து கிழமைகளின் பின், ஏப்பிரல் 8 ஆம் நாள், விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்திற்று. இவ்விரண்டிற்கும் காரணத் தொடர்பில்லை. ஆயினும் அவற்றை அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பிந்தி வந்தோர் பெரும்பாலும் பிறர் பயன்படுத்திய பொறிகளோடே தொடங்குவர். அப்பொறிகளின் ஆயுளையோ தொலைவிலுள்ள நிறுவனம் தீர்மானிக்கின்றது. 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு முடிவுற்றபொழுதும், விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பல கணினிகள் பழுதின்றியே பயனற்றனவாகக் கருதப்பட்டன. அத்தகைய பொறியையும் இயங்க வைப்பது லினக்ஸின் முதற்பயன்.

இரண்டாம் பயன் மொழி சார்ந்தது. மூலநிரல் திறந்திருந்தமையால், எந்நிறுவனத்தின் இசைவுக்கும் காத்திராது, பல நாடுகளிலிருந்த தமிழ்த் தன்னார்வலர்கள் கேடிஈ, க்னோம் ஆகியவற்றின் பட்டிகளையும் செய்திகளையும் தமிழாக்கினர். சந்தை சிறிதென ஒதுக்கப்படும் மொழிக்கு இவ்வுரிமை பெரிது.

அரசு முனைந்தால் மாற்றம் இயலும் என்பதற்கும் சான்றுண்டு. 2007 அளவில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராயிருந்த காலத்தில், தமிழ்நாட்டின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. கேரளத்தில் 2001 இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் பின்னர்க் கட்டற்ற மென்பொருளையே அடிப்படையாகக் கொண்டது.

ஆயின் தடைகளை மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று. பாமினி எழுத்துருவிற் பழகிய விரல்களும், அவ்வெழுத்துருவிலேயே சேர்ந்துவிட்ட ஆவணங்களும், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களும் மாற்றத்தைத் தாமதிக்கின்றன. ஒருங்குறிக்கு மாறாது லினக்ஸுக்கு மட்டும் மாறுதல் அரைமாற்றமே.

எனவே, லினக்ஸ் மலிவானது என்ற வாதத்தோடு நாம் நின்றுவிடலாகாது. இழந்தவற்றை ஒவ்வொன்றாக மீட்ட ஊருக்கு, கையிலுள்ள பொறியைத் தன் மொழியிலே தான் விரும்பும் காலம்வரை ஆளும் உரிமையே முதன்மையானது என்பது எமது முடிபு.