இராஜகிருகமும் தாதர் புறநகரும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் நூல்களைப் பயிலும் நம் இளைஞர்கள், அவர் குடியிருந்த வீடுகளின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

1896 ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் பிளேக் நோய் பரவிப் பல்லாயிரவர் மாண்டனர். காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கடியான குடியிருப்புகளே நோய்க்கு இடமளித்தன எனக் கருதிய அரசு, 1898 இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவியது. டிரஸ்டு பழைய குடியிருப்புகளை இடித்துத் தெருக்களை அகலப்படுத்தியது. தொழிலாளர்க்குச் 'சால்' எனப்படும் வரிசை அறைக் கட்டடங்களைக் கட்டியது. நகரின் வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளில் நடுத்தர வகுப்பாருக்கெனப் புறநகரை அமைத்தது. இடிப்பதில் காட்டிய வேகத்தை ஏழைகளுக்குக் கட்டித் தருவதில் அது காட்டவில்லை என்பதையும் ஈண்டுக் கூறியாக வேண்டும்.

அண்ணலின் குடும்பம் பரேலில் அந்த டிரஸ்டின் சால் ஒன்றில் இரண்டு சிறிய அறைகளில் வாழ்ந்தது. தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் பலருக்கும் பொது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டங்கள் பெற்ற பின்னரும் அவர் திரும்பி வந்தது அவ்வறைகளுக்கே. 1927 இல் மகத் குளப் போராட்டத்தை நடத்தியபோதும் அதுவே அவர் இல்லம்.

பணமிருந்தால் மட்டும் நமக்கு வீடு கிடைத்துவிடுமா? 1917 இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அண்ணலுக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கியிருந்தவரை, தடியேந்தி வந்த கூட்டத்தார் வெளியேற்றினர். அடைக்கலம் கேட்ட நண்பர்களும் கைவிரித்தனர். அதே ஆண்டில், இலண்டனிலிருந்து அவர் அனுப்பிய நூல்கள், கப்பல் டார்பிடோ தாக்குதலில் மூழ்கியதால் கடலோடு போயின.

இவ்விரண்டையும் நினைவிற்கொண்டு நோக்கினால்தான், 1930களின் தொடக்கத்தில் தாதர் இந்து காலனியில் அவர் கட்டிய இல்லத்தின் பொருள் விளங்கும். நூல்களை வைப்பதற்கேற்ப அறைகளை வகுத்துத் திட்டமிட்டார். பௌத்த வரலாற்றில் புகழ்பெற்ற இராஜகிருகத்தின் பெயரையே சூட்டினார். சாதியும் சமயமும் பார்த்துக் காலனிகள் அமைந்த புறநகர் அது. பார்சி காலனியும் அருகிலேயே இருந்தது. உயர்சாதியார் மிகுந்த தெருவில் மகர் குலத்தில் பிறந்தவர் தம் பெயரில் வீடு கட்டினார்.

அகன்ற சாலைகள், நிழல் மரங்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி, ஒழுங்கான வடிகால், நடந்து செல்லும் தொலைவில் ஐந்து பூங்காக்கள், இரு இரயில் பாதைகள் சந்திக்கும் தாதர் நிலையம் ஆகிய வசதிகள் அங்கிருந்தன. மாதுங்காவில் 1923 இல் தொழில்நுட்பக் கல்லூரியும் 1937 இல் ரூயா கல்லூரியும் இடம்பெற்றன. ஆனால் சில மைல்களுக்குள்ளேயே தாராவி இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம் மக்கள் பலர் அங்குத் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தனர். நெடுங்காலம் அவர்களுக்குக் குடிநீர்க் குழாயும் வடிகாலும் போதிய அளவில் கிட்டவில்லை. ஒரு நகராட்சி எத்தெருவுக்கு முதலில் குழாய் பதிக்கிறது என்பதைப் பார்த்தாலே அது யாரை மதிக்கிறது என்பது தெரியும்.

அன்னை இரமாபாய் புதுமனையில் நெடுநாள் வாழவில்லை. 1935 மே 27 அன்று அங்கேயே காலமானார். 1956 டிசம்பர் 6 அன்று டில்லியில் மறைந்த அண்ணலின் திருவுடல் அவ்வீட்டுக்கே கொண்டுவரப்பட்டது. மறுநாள் இறுதி ஊர்வலம் அங்கிருந்து புறப்பட்டுத் தாதர் கடற்கரையை அடைந்தது. 2020 சூலையில் சிலர் வீட்டின் முன்பகுதியைச் சேதப்படுத்தியபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கீழ்த்தளத்தில் இப்போது நினைவுக் கூடம் உள்ளது. பம்பாய் செல்லும் இளைஞர்கள் தாதர் நிலையத்தின் கிழக்குப் புறம் இறங்கினால் நடந்தே சென்று காணலாம்.