மண் சுவருக்குச் சுண்ணாம்பே துணை

(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



நெல்லைப் பற்றியும் வாழையைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அறுத்த நெல்லைக் கொண்டுபோய் வைக்கிற வீட்டைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி பக்கம் ஊர் ஊராகப் போகும்போது நான் அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. தாத்தா காலத்து மண் வீடு. நாட்டு ஓடு போட்டது. எத்தனையோ ஐப்பசி மழையைத் தாங்கி நின்றது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னே வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தோடு சுவர் முழுக்கச் சிமெண்டு பூசியிருப்பார். இப்போது அந்தப் பூச்சு பாளம் பாளமாக உப்பிக்கொண்டு நிற்கும். விரலால் தட்டினால் 'டொப் டொப்' என்று சத்தம் வரும். பெயர்த்துப் பார்த்தால் உள்ளே சுவர் மண் ஈரச் சேறாக இருக்கும். "செலவு பண்ணிப் பூசின பிறகுதான் சார் வீடு கெட்டுது" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அது ஏன் என்று விளங்க வேண்டுமானால், நம்ம ஊர் வீடுகளின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முன்னோர் கட்டிய விதம்

அந்தக் காலத்தில் வீடு கட்ட எந்தப் பொருளும் வெகு தூரத்திலிருந்து வரவில்லை. ஏரி வண்டலும் மணலும் வைக்கோல் கூளமும் சேர்த்து, தண்ணீர் விட்டு, மாட்டையோ ஆளையோ விட்டு மிதித்து, நாலைந்து நாள் புளிக்க வைப்பார்கள். பிறகு ஒரு படை சுவர் வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. ஒன்றரை அடி கனத்தில் சுவர் எழும்பும். மேலே பனை வாரை, மூங்கில் வரிச்சு. அதற்கு மேல் கீற்று அல்லது குயவர் சூளையில் சுட்ட நாட்டு ஓடு. வசதி உள்ளவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மெத்தை வீடு கட்டினார்கள்.

இந்த வீட்டுக்கு இரண்டு எதிரிகள்: மேலே ஒழுகும் கூரை, கீழே தேங்கும் தண்ணீர். 1924-ஆம் ஆண்டு ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1977 நவம்பரில் திருச்சியில் புகுந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களே உங்களில் இருப்பீர்கள். வெள்ளத்தில் மண் சுவர் விழுவது அடியில் ஊறுவதால்தான். அடி ஊறாமல் பார்த்துக்கொண்டால் அதே சுவர் மூன்று தலைமுறை நிற்கும். திண்ணையை உயர்த்திக் கட்டியதும், தாழ்வாரத்தை நன்றாக வெளியே நீட்டி விட்டதும் சும்மா அழகுக்காக அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வீடு ஒரு தடவை கட்டி முடித்து விட்டுவிட்ட வீடு அல்ல. கோடையில் ஓட்டைப் பிரித்து மேய்வார்கள். மழை அரித்த இடத்தில் மண் அப்புவார்கள். போகிக்கு முன்னே சுண்ணாம்பு அடிப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை சாணம் மெழுகுவார்கள். இதையெல்லாம் செய்தது பெரும்பாலும் வீட்டிலே உள்ளவர்கள்தான். சுண்ணாம்புப் பால் சுவரின் மயிரிழை வெடிப்புகளில் இறங்கி அடைத்துவிடும். பண்டிகை என்ற பெயரில் நடந்தது வருஷாந்திர மராமத்து!

ஒரே கல், இரண்டு சூடு

நம்ம திருச்சி, அரியலூர்ப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு புதிதல்ல. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பூமி கடலாக இருந்தது. காரை, கல்லக்குடி பக்கம் இன்றைக்கும் சிப்பியும் சங்கும் கல்லாக உறைந்து கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போனதுதான் நம்ம சுண்ணாம்புக்கல்.

இந்தக் கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் போட்டு நீற்றி, மணல் சேர்த்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்தது மூடப்பழக்கம் இல்லை. சர்க்கரைப் பொருள் இருந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கலவையும் கைக்கு இணங்கும்.

அதே சுண்ணாம்புக்கல்லோடு களிமண் சேர்த்து, சுமார் 1,450 டிகிரி சூட்டில் சுட்டு அரைத்தால் சிமெண்டு. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 'போர்ட்லாண்டு சிமெண்டு' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் 1904-ல் சென்னையில் சிமெண்டு செய்து பார்த்தார்கள். நம்ம பக்கம் 1939-ல் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. அந்த ஊருக்குக் கல்லக்குடி என்ற பழைய பெயரே வேண்டும் என்று 1953-ல் நடந்த போராட்டத்தை நாடே அறியும்.

கிராமத்துக்கு வந்த கதை

புதுப் பொருள் நம்ம வீட்டுக்கு வந்தது சிமெண்டோடு தொடங்கவில்லை. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அந்த ஓட்டைத்தான் நாம் சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் சொல்கிறோம். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டை ஓடு. வருஷா வருஷம் பிரித்து மேய வேண்டியதில்லை. இதனால் மண் சுவருக்குக் கெடுதல் இல்லை. கூரை பலமானதால் நன்மைதான்.

சிமெண்டு கிராமத்துக்குள் தாராளமாக வர இன்னும் நாள் ஆயிற்று. ஒரு காலத்தில் சிமெண்டு வாங்க பெர்மிட் வேண்டும். அலைந்து திரிந்து பத்து மூட்டை வாங்கினது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1982-ல் அந்தக் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989-ல் முழுவதும் நீங்கியது. அதற்குப் பிறகு கடைக்குக் கடை மூட்டை அடுக்கினார்கள். "ஒரு தடவை பூசினா போதும், அப்புறம் கவலையே இல்லை" என்ற பேச்சும் கூடவே வந்தது. சுண்ணாம்புக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. போகி வெள்ளையடிப்பும் குறைந்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1960-களில் ஏ.டி.டி. 27 நெல் வந்தபோது அதை 'ரேடியோ நெல்' என்றே சொன்னோம். அது குறுகிய வயது நெல். பழைய ரகத்துக்குச் செய்த பக்குவமே அதற்குச் சரிப்படவில்லை. நாற்று வயதும் உரமும் மாறின. விதை மாறினால் பக்குவம் மாற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டு விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிட்டோம்.

மண் சுவர் அடியிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் வெளியே விட்டுவிடும். மழையில் கொஞ்சம் உப்பும், கோடையில் கொஞ்சம் சுருங்கும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு இசைந்து கொடுக்கும். ஈரத்துக்கும் வழி விடும். சிமெண்டுப் பூச்சு இறுக்கமானது, இசையாது. சுவர் அசையும்போது வெடிக்கிறது. வெடிப்பு வழியே மழைத் தண்ணீர் உள்ளே போகிறது; போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. உப்புப் பூக்கிறது, கறையான் ஏறுகிறது, சுவர் உள்ளுக்குள்ளேயே கரைகிறது. வெளியே பார்த்தால் வீடு பளிச்சென்று இருக்கும். இதுதான் ஆபத்து.

ஸ்ரீரங்கம் சொல்லும் பாடம்

இது ஏழை வீட்டுக்கு மட்டும் ஆன சங்கதி என்று நினைக்க வேண்டாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏழு பிரகாரங்களோடு இருக்கிற ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 கும்பாபிஷேகத்தை ஒட்டிப் பெரிய திருப்பணி நடந்தது. பிற்காலத்தில் ஒட்டவைத்த கட்டுமானங்களை அகற்றினார்கள். பழைய முறைப்படி சுண்ணாம்புக் கலவையைப் பயன்படுத்தினார்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்கு இருந்த பழைய வடிகால் வழிகளைத் திறந்துவிட்டார்கள். அந்த வேலைக்காக 2017-ல் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

வெளிநாட்டிலும் இதே அனுபவம்தான். இங்கிலாந்தில் டெவன் என்ற பகுதியில், மண்ணும் வைக்கோலும் மிதித்துக் கட்டிய குடியானவர் வீடுகள் சில நூறு வருஷமாக நிற்கின்றன. அங்கேயும் சிமெண்டு பூசி ஊறிப்போன சுவர்கள் உண்டு. 1877-ல் வில்லியம் மாரிஸ் முதலியோர் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். பழுதை மட்டும் பார், பழசை அழிக்காதே என்பது அவர்கள் கொள்கை. பழைய சுவருக்குச் சுண்ணாம்பையே அந்தச் சங்கம் இன்றும் சிபாரிசு செய்கிறது.

நம்ம வீட்டை நாமே செப்பனிட

இனி வேலைக்கு வருவோம். தை, மாசியில் அறுவடை முடிந்து, பங்குனி முதல் வைகாசி வரை ஏற்ற காலம். வரிசை முக்கியம்.

முதலில் கூரை. உடைந்த ஓட்டையும் உளுத்த வாரையையும் மாற்றுங்கள். ஒழுகும் கூரையின் கீழே சுவர் வேலை செய்வது வீண்.

இரண்டாவது தண்ணீர். சுவரை ஒட்டிச் சேர்ந்துபோன மண்ணை வெட்டி எடுத்து, வாசல் மட்டத்தை வீட்டைவிடத் தாழ்வாக்குங்கள். அடிபம்பு, கழுநீர், மாட்டுக்கொட்டகைத் தண்ணீர் எல்லாம் விலகி ஓட வாய்க்கால் எடுங்கள்.

மூன்றாவது சுவர். உப்பிய சிமெண்டை மெதுவாகப் பெயர்த்து, ஒரு மாதமாவது காயவிடுங்கள். குழிகளில் அதே ஊர் மண்ணை அப்புங்கள். மண் பொருத்தம் பார்க்க, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண்ணும் பாதிக்கு மேல் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஒரு நாள் வையுங்கள். மணல் அடியிலும் களி மேலேயும் படியும். களி அதிகமானால் சுவர் வெடிக்கும். மணலும் கூளமும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாலாவது பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியபடி இரண்டு வாரமாவது வைத்திருங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூசி, சாக்கு நனைத்து மூடி, வெயில் படாமல் ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சுவர் சாய்ந்திருந்தாலோ, உள்ளும் புறமும் தெரிகிற வெடிப்பு இருந்தாலோ கை வைக்காமல், அனுபவமுள்ள கொத்தனாரையோ பொறியாளரையோ அழைத்துக் காட்டுங்கள்.

சிமெண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெற்களத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் புதிய கான்கிரீட் வீட்டுக்கும் அது தேவைதான். பழைய மண் சுவரின் மேல் அதைப் பூச வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னது எவ்வளவு பெரிய செலவு என்பதற்காக. அப்படிக் கட்டின வீடு உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. வருகிற கோடையில் கடன் வாங்கி இடிப்பதற்கு முன்னே, ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவர் இருந்தால் அவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட நிறுத்தி அந்த வேலையைப் பழக்குங்கள். அவரோடு அந்தத் தொழில் போய்விட்டால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.