உண்ணாது கொடுத்த நெல்லி

நெல்லிக்கனி என்றவுடன் தமிழ் பயின்ற எவர்க்கும் அதியமானும் ஔவையாரும் நினைவுக்கு வருவர். இளமையிலேயே கேட்டுப் பழகிய கதையாதலின் அதனை நாம் மறுமுறை எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கதையைப் பாடலோடு வைத்துப் பார்ப்பதும், நெல்லியின் நலம் குறித்துப் பின்வந்த வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

புறநானூற்றின் 91-ஆம் பாடல் தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் வாழ்த்தியது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. ஏறுதற்கரிய மலைப் பிளவில் விளைந்த கனி அது என்கிறார் புலவர். அதன் பயனை அறிந்தவன் அதியமான். அறிந்தும் அதனை வெளியிடாது தன்னுள் அடக்கிக்கொண்டு, தான் உண்ணாது புலவர்க்கு அளித்தான். முன்னரே சொல்லியிருந்தால் ஔவையார் அதனை ஏற்றிருக்க மாட்டார் என நாம் கருதலாம். பாடலில் கனியின் பெருமை சிறிதளவே பேசப்படுகிறது; பேசப்படுவது அவ்வடக்கமே. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரும் வள்ளல்கள் எழுவரைப் போற்றுமிடத்து அதியமானுக்கு இக்கொடையையே அடையாளமாக்கினார். பின்னர் அதியமான் போரில் மாண்டான். அவனுக்குக் கையறுநிலை பாடியவரும் அதே ஔவையார்தான்.

சங்க மக்களுக்கு நெல்லி அரசர்க்குரிய அரும்பொருள் மட்டுமன்று. குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாடலொன்றில், உடன்போக்கில் செல்லவிருக்கும் தலைவி நெல்லியைத் தின்று, யானையின் அடிச்சுவட்டில் தேங்கிய நீரைப் பருகுவதைப் பற்றிய பேச்சு வருகிறது. நெல்லியைத் தின்றபின் நீர் இனிக்கும் என்பது இன்றும் சிறுவர் அறிந்த செய்தியே. பாலை வழியில் தாகம் தணிக்க அதுவே துணை.

வடபுலத்திலும் இக்கனி கொடையோடே பேசப்படுகிறது. அசோகாவதானம் என்னும் வடமொழிப் பௌத்த நூல் அசோகரின் இறுதி நாட்களைக் கூறுகிறது. கருவூலத்தை அவர் கொடையில் கரைத்துவிடுவார் என்று அஞ்சிய அமைச்சர்கள் அதனை அவர் கைக்கு எட்டாமல் செய்தனர். முடிவில் அவரிடம் எஞ்சியது பாதி நெல்லிக்கனி. அதனையும் அவர் குக்குடாராமத் துறவியர்க்கு அனுப்பினார். அவர்கள் அதனை அரைத்துக் கஞ்சியில் கலந்து அனைவரும் பகிர்ந்துண்டனர் என்கிறது அந்நூல். சங்கரர் பற்றிய மரபுக் கதையில், வறிய இல்லத்தாள் ஒருத்தி துவாதசியன்று வீட்டிலிருந்த ஒரே நெல்லிக்கனியை இரவலச் சிறுவனுக்கு இட்டாள். வேந்தன், பேரரசன், ஏழைப்பெண் என மூவரும் கொடுத்தது ஒரே கனி. இக்கதைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாவிடினும், நெல்லியை மக்கள் எவ்வாறு மதித்தனர் என்பதற்கு இவை சான்றாகும்.

மருத்துவ நூல்களும் பின்தங்கவில்லை. சரக சம்ஹிதை கூறும் சியவனப்பிராசத்துக்கு அடிப்படை நெல்லியே. திரிபலையின் மூன்று காய்களுள் அது ஒன்று. ஆயினும் அதன் ஆற்றல் எங்குள்ளது என்னும் வினாவுக்கு 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயுற்ற மாலுமியர் பன்னிருவரை ஆராய்ந்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவரே விரைந்து தேறினர் எனக் கண்டார். ஈறு வீங்கிக் குருதி கசிந்து, ஆறிய புண்ணும் மீண்டும் திறந்து, முடிவில் உயிர் கொள்ளும் நோய் அது. அதனைத் தடுக்கும் பொருளை 1928-இல் சென்ட்-ஜியார்ஜி பிரித்தெடுத்தார். 1932-இல் அதுவே வைட்டமின் சி என உறுதியாயிற்று.

இதே காலத்தில் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இயங்கிவந்தது. அவருக்குப் பின் ஏக்ராய்ட் தலைமையில் இந்திய உணவுகளின் சத்து மதிப்புகள் 1937-இல் நூலாயின. நெல்லியைப் பெருஞ்செல்வமாக அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியதில் குன்னூருக்குப் பங்குண்டு. பின்வந்த இந்திய அட்டவணைகள் 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி எனக் குறித்தன. அவ்வெண் நெடுங்காலம் மேற்கோளாயிற்று. 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்த அந்நிறுவனமே 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஏறத்தாழ 250 மில்லிகிராம். எண் குறைந்தாலும் சிறப்புக் குறையவில்லை. ஸ்கர்வியைத் தடுக்க நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் போதும். 40 கிராம் எடையுள்ள ஒரு கனியில் அதனைப்போல் பத்து மடங்கு உண்டு. மேலும், உலர்த்தினால் பிற கனிகளில் விரைந்தழியும் இச்சத்து, நெல்லியில் அதன் புளிப்பாலும் துவர்ப்பாலும் ஓரளவு காக்கப்படுகிறது.

இவ்வுலர் நெல்லிதான் 1939–40-இல் பஞ்சாபின் ஹிஸ்ஸார் பகுதியில் பஞ்சம் வந்தபோது பயன்பட்டது. பசுங்காயும் கனியும் இல்லாத நிலத்தில் ஸ்கர்வி பரவியபோது, நோயுற்றோர்க்கு நெல்லி மருந்தாகக் கொடுக்கப்பட்டது, குணமும் கண்டது. அதியமான் கதையில் ஒருவர்க்குக் கிடைத்த கனி, இங்கே பெயர் அறியாப் பலர்க்குக் கிடைத்தது. சாதலைத் தடுக்கும் கனி என்னும் புகழுரை உண்மையாயிற்று என நாம் துணிந்து சொல்லத்தக்க இடம் இதுவே.

இன்று நெல்லி சாறாகவும் மாத்திரையாகவும் விற்பனையாகிறது. மூப்பை நீக்கும், எந்நோயும் அணுகாது காக்கும் என்னும் விளம்பரங்களுக்குப் போதிய சான்றில்லை. நல்லுணவு உண்பார்க்கு அது மற்றுமொரு நற்கனி. உணவில் கனிக்கு இடமில்லாதார்க்கோ அது உயிர்காக்கும். நம் நாட்டில் காட்டிலும் கொல்லையிலும் எளிதில் விளையும் இக்கனி, பள்ளிச் சத்துணவுத் தட்டிலும் முதியோர் இல்லத்துப் பந்தியிலும் அன்றாடம் இடம்பெறத் தக்கது. அதியமானைப் போற்றும் நாம் இதனைச் செய்வதற்கு மலையேற வேண்டியதில்லை.