கிளெமெந்தே: கடல் கொண்டும் மறையாதவர்

போர்ட்டோ ரிக்கோத் தீவில் 1934-இல் பிறந்த ரொபெர்த்தோ கிளெமெந்தே, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்காக 18 பருவங்கள் ஆடி, சரியாக 3,000 வெற்றியடிகள் குவித்தவர். ஒலிபரப்பாளர்கள் ‘பாப்’ என்றழைத்தபோது, தம் பெயர் ரொபெர்த்தோ எனத் திருத்தியவர்.

1972 டிசம்பர் 23-இல் நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவா நிலநடுக்கத்தில் சிதைந்தது. அனுப்பிய உதவிப் பொருள்கள் மக்களைச் சேரவில்லை என்றறிந்து, டிசம்பர் 31 இரவு பொருள்களோடு தாமே விமானமேறினார். புறப்பட்ட சற்று நேரத்தில் விமானம் கடலில் வீழ்ந்தது. மக்கள் கரையில் நாள்கணக்கில் காத்திருந்தும் அவருடல் கிடைக்கவில்லை.

ஐந்தாண்டுக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி, 1973-இல் பேஸ்பால் புகழ் மண்டபம் அவரை ஏற்றது. அவரணிந்த 21-ஆம் எண்ணை அவரது அணி வேறெவருக்கும் தருவதில்லை. தொண்டாற்றும் ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆண்டுதோறும் அவர் பெயரிலேயே விருது வழங்கப்படுகிறது.

ரசிகர்கள் போற்றுவது அடிகளை மட்டுமன்று. அந்த இறுதிப் பயணத்தையும்தான். மதிப்பெண்களை எண்ணும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றையும் சொல்வோம்.