சேணக் கடையில் பிறந்த கார்

ஒரு தேசம் தன்னுடையதென்று போற்றும் பொருளின் உரிமை யாரிடம் உள்ளது? ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் கார் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

1856-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஹோல்டன் என்பவர் அடிலெய்டு நகரில் குதிரைச் சேண வணிகத்தைத் தொடங்கினார். மோட்டார் யுகம் பிறந்ததும், அவருடைய வழியினர் கார்களுக்குக் கூண்டு கட்டும் தொழிலில் இறங்கினர். பொருளாதார மந்தம் சூழ்ந்த 1931-இல், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் அந்நிறுவனத்தை வாங்கித் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

1948 நவம்பர் 29 அன்று, பிரதமர் பென் சிஃப்லி மெல்போர்னில் முதல் ஹோல்டன் காரை அறிமுகப்படுத்தினார். மக்கள் அதனைத் தம் சொந்தக் கார் என்றே கொண்டாடினர். விரைவில் விற்பனையிலும் அது முதலிடம் பெற்றது.

பிற்காலத்தில் காப்பு வரிகள் குறைந்தன. இறக்குமதிக் கார்கள் பெருகின. உள்நாட்டுச் சந்தையோ சிறியது. 2017 அக்டோபர் 20 அன்று, அடிலெய்டை அடுத்த எலிசபெத் ஆலையில் உற்பத்தி நின்றது. 2020-இல் ஹோல்டன் என்னும் பெயரையும் கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது.

காரைச் செய்த கைகளும் அதனை நேசித்த நெஞ்சங்களும் ஆஸ்திரேலியாவில் இருந்தன. அதன் முடிவை எழுதிய பேனா அமெரிக்காவில் இருந்தது. தொழில் வளர்க்க விழையும் நாடுகள் யாவும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம் என்போம்.