நெல்வயலும் பன்றிக்கொட்டிலும்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் வீதியில், முந்தல் களப்போரம் நிற்கும் கொக்குகளைக் காணும்போதெல்லாம் எனக்கு யப்பானிய மூளைக்காய்ச்சல் நினைவுக்கு வரும்.

நான் பள்ளி மாணவனாக இருந்த காலம். 1985ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அனுராதபுர மாவட்டத்தில் அந்நோய் பெருமளவில் பரவியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குருநாகல், புத்தளம் மாவட்டங்களும் தப்பவில்லை.

ஏன் அங்கே, ஏன் அப்போது? மகாவலித் திட்டம் வறண்ட நிலத்துக்கு நீர் கொணர்ந்தது. வயல்நீரில் கியூலெக்ஸ் நுளம்புகள் பெருகின. அதே காலத்தில், விவசாயிகளின் மேலதிக வருமானத்துக்காக வீட்டோடு பன்றி வளர்ப்பதும் ஊக்குவிக்கப்பட்டது. கொக்கு, நாரைகளில் வாழும் வைரசு, நுளம்பின் வழியே பன்றிக்குள் புகுந்து பன்மடங்காகும். வளர்ந்த பன்றியிடம் நோயின் அறிகுறி பெரும்பாலும் தெரியாது. அதன் இரத்தத்தை உறிஞ்சிய நுளம்பே பின்னர், கொட்டிலுக்கு அருகில் உறங்கும் குழந்தைக்கு நோயைக் கொண்டுசெல்லும்.

நீர்ப்பாசனம் நல்லது, கால்நடை வளர்ப்பும் நல்லது. இரண்டும் ஒரே முற்றத்தில் சேர்ந்தால் என்ன நேரும் என்பது, பொறியியலாளரும் மிருக வைத்தியரும் மனித வைத்தியரும் ஒன்றாக அமர்ந்து முன்கூட்டியே ஆராய வேண்டிய கேள்வி.

1988இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. இன்று நாடெங்கும் குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது, நோயும் அருகிவிட்டது. ஆயினும் கொக்கும் நுளம்பும் பன்றியும் நம்மோடுதான் வாழ்கின்றன. மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களில் ஏறத்தாழ 60 வீதம் விலங்குகளிடமிருந்து வந்தவை. பன்றியைப் பழித்துப் பயனில்லை. ஏழை விவசாயியின் கொட்டிலைக் கவனியாத நாடு, அவன் குழந்தையையும் காக்க முடியாது.