செயற்கைக்கோள் வழி மலைப்பனி ஆய்வு: 1960 முதல் இன்றுவரை

1960 ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1, மேகங்களைப் படமெடுக்கப் போன வானிலைச் செயற்கைக்கோள். அதன் படங்களில் கிழக்குக் கனடாவின் பனியும் சேர்ந்தே விழுந்தது. 1966 முதல் வட அரைக்கோளப் பனிப்பரப்பு வாரந்தோறும் வரைபடமானது. வரைந்தவர்கள் மனிதர்கள்; அடுத்தடுத்த நாள் படங்களை ஒப்பிட்டு, நகர்ந்ததை மேகமென்று தள்ளி, நின்றதைப் பனியென்று கோடிட்டார்கள். தட்பவெப்ப ஆய்வுக்கு வாய்த்த மிக நீண்ட செயற்கைக்கோள் தரவுத் தொடர்களுள் ஒன்று இது. பனி எவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கு இத்தொடரிடம் விடை தேடும்போது, பார்த்த கண் இடையில் எவ்வளவு மாறியது என்பதையும் கேட்டாக வேண்டும்.

1972இல் வந்த லேண்ட்சாட்-1க்குப் பனியும் மேகமும் ஒரே வெள்ளைதான். 1982இல் லேண்ட்சாட்-4 சுமந்து சென்ற புதிய கருவி, 1.6 மைக்ரான் அளவிலான அகச்சிவப்பு ஒளியையும் பதிவுசெய்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் திருப்பியனுப்பும் பனி, இந்த அலைநீளத்தை விழுங்கிவிடும். நீர்த்துளி மேகம் இதையும் திருப்பியனுப்பும். பச்சை ஒளி அளவிலிருந்து இந்த அகச்சிவப்பு அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது பனிக் குறியீடு. பொதுவாக 0.4க்கு மேல் போனால் பனி. தெளிந்த ஏரிநீரும் இதே எண்ணைக் காட்டி ஏமாற்றும் என்பதால் இன்னொரு சோதனையும் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் அப்போதைய அவசரம் வேறு. ஐதராபாத்தில் இயங்கிய தேசியத் தொலையுணர்வு முகமை, 1980களில் சட்லெஜ் படுகையின் பனிப்பரப்பைக் கொண்டு, கோடையில் பக்ரா அணைக்கு வரும் உருகுநீரை முன்கணித்தது. அங்கே அணைக்கு நீர் எவ்வளவு என்பதே கேள்வி. தட்பவெப்ப மாற்றம் பின்னால் வந்து சேர்ந்தது.

2000 முதல் டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவி, நாள்தோறும் 500 மீட்டர் நுணுக்கத்தில் பனியைக் காட்டுகிறது. ஒரு படப்புள்ளி என்பது 25 ஹெக்டேர். இமாசலத்தின் ஒரு சரிவில் அதற்குள் தேவதாரு மரங்கள், வெற்றுப் பாறை, பனி தேங்கிய ஓடை எல்லாம் அடங்கும். மரத்தடிப் பனி மேலிருந்து தெரியாது. குளிர்காலத்தில் வடக்குச் சரிவு நிழலில் கிடக்கும். மேகம் மூடினால் அன்றைய கணக்கே இல்லை.

இனி முடிவுகள். கனடாவின் டெர்க்சென், பிரவுன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, வட அரைக்கோளத்தின் ஜூன் மாதப் பனிப்பரப்பு 1979 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு 17.8 விழுக்காடு சுருங்கியது. ஆனால் அதே நீண்ட தொடர், யூரேசியாவின் அக்டோபர் பனி பெருகுவதாகவும் காட்டியது! நிலைய அளவீடுகளும் பிற தரவுகளும் அதற்கு ஒத்துவரவில்லை. படங்கள் தெளிவடையத் தெளிவடைய, முன்பு தவறிய மெல்லிய பனியும் வரைபடத்தில் ஏறியிருக்கலாம் என்று அவ்விருவரே மறு ஆண்டு விளக்கம் தந்தார்கள். தனக்குச் சாதகமான மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாத இந்த நேர்மைதான் ஜூன் முடிவையும் நம்பவைக்கிறது.

இந்து குஷ்–இமயமலைப் பகுதியில், 2025இல் பனி தரையில் தங்கிய காலம் இயல்பைவிட 23.6 விழுக்காடு குறைவு, 23 ஆண்டுகளில் மிகத் தாழ்ந்த அளவு என்று காத்மாண்டுவின் இசிமோட் நிறுவனம் அறிவித்தது. கவலைக்குரிய எண்தான், ஆனாலும் ஓராண்டின் எண்ணைப் போக்காகப் படிக்கக் கூடாது. தவிர, இது பரப்பும் நாளும் சொல்லுமே ஒழிய ஆழம் சொல்லாது. ஆழத்தை ஊகிக்க உதவும் நுண்ணலைக் கருவிகளின் படப்புள்ளி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மலை மடிப்புகளுக்கு அது உதவாது.

இப்போது மோடிஸும் முதுமையடைந்துவிட்டது. டெர்ரா நிலநடுக்கோட்டைக் கடக்கும் தன் பழைய நேரத்திலிருந்து விலகி முன்கூட்டியே கடக்கிறது. காலை வெயிலின் சாய்வு மாறினால் சரிவுகளின் நிழலும் மாறும். அடுத்து வந்த வியர்ஸ் கருவியின் நுணுக்கம் 375 மீட்டர். இரண்டும் சேர்ந்து இயங்கிய ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்டு, ஒன்றின் அளவை மற்றொன்றோடு பொருத்தும் வேலை நடந்துவருகிறது.